என் காதைப் பற்றி அவர்கள் பேசியது

எனக்கு ஷயரோகம், அதாவது காசநோய், என்பதை முதலில் என்னிடம் சொன்னவர் மயிலாப்பூரில் ஒரு மருந்துக் கடைக்காரர். கடையில் நல்ல கூட்டம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இது ஷயத்துக்குப் போடற கால்சியம் ஊசின்னா. யாருக்கு? உனக்கா? கொஞ்சம் தள்ளி நில்லும்மா, குழந்தைகள்லாம் வந்திருக்கா பாரு" என்றார்.

நான் தள்ளி நிற்பதற்குள் மற்றவர்கள் தள்ளிப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் வீட்டுக்காரரின் மனைவி. நாங்கள் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரி.

நான் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் யாரோடு பேசவேண்டுமோ அவர்களை இணைத்துவிடுவது வேலை. கம்பியில் கேட்டது எதுவானாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். என் கணவர் சவரிமுத்து சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கல்யாணமாகி நான்கு வருடம். குழந்தை இல்லை. இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் வந்தபோது வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். கைக்குட்டையில் ரத்தம் தெரிந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். திரும்பி வந்தவர், "நெஞ்சுல சளி கட்டியிருக்காம். ஊசி போட்டா கரைஞ்சுடும்" என்றார். அது என் மார்பின் படம். எனக்கு அதைக் காட்டக்கூட இல்லை.

மருந்துக் கடை விஷயம் நான் வீடு வந்து சேர்வதற்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது. குழாயடியில் எனக்கென்று ஒரு வாளியைத் தனியாக வைத்துவிட்டார்கள். மறுநாள் வீட்டுச் சொந்தக்காரர் மிகவும் மரியாதையாக, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் போனதும் என் கணவர் குதித்தார். "ஒருத்தியோட வியாதியைக் கடையில நின்னு தண்டோரா போடறதா? இனிமே அந்தக் கடை வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

"அவர் சொல்லலைன்னா நீங்க சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார்.

வியாதியிலிருந்து எழுந்து வந்தவர்கள் எழுதுவதைப் படித்திருக்கிறேன். பயத்தை எழுதுகிறார்கள், வலியை எழுதுகிறார்கள், கடவுளின் கருணையை எழுதுகிறார்கள். பொறாமையை யாரும் எழுதுவதில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் என்னிடம் அதிகமாக இருந்தது அதுதான். படிக்கட்டில் மூச்சு வாங்காமல் ஏறும் நர்ஸ் மேல் பொறாமை. வெளியே நின்று உரக்கச் சிரிக்கும் தோட்டிச்சி மேல் பொறாமை. அதெல்லாம் ஆரம்பம்தான்.

பெண்கள் வார்டு நீளமான கூடம். ஒரு பக்கம் முழுவதும் கம்பி வலை, அதற்கு அப்பால் வராந்தா. நல்ல காற்று வேண்டும் என்பதற்காக மழையிலும் திறந்தே இருக்கும். ஒவ்வொரு கட்டிலுக்கும் மூடி போட்ட எனாமல் குவளை, கோழையைத் துப்புவதற்கு. அந்தக் கோழையை எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கிருமி இருக்கிறதா என்று சொல்வார்கள். இருக்கிறது என்று வந்துகொண்டிருக்கும்வரை நாம் தொற்றுக்காரர். இல்லை என்று வந்தால் மனுஷி.

முதலில் எனக்குக் காற்று போட்டுப் பார்த்தார்கள். விலா இடுக்கில் ஊசியைச் செலுத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்றை நிரப்புவது. புண்ணான நுரையீரல் சுருங்கி வேலை செய்யாமல் கிடக்கும்; அந்த ஓய்வில் புண் ஆறும். எனக்கு நுரையீரல் விலாச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் காற்று ஏறவில்லை. அப்புறம்தான் புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைப் பற்றி டாக்டர் பேசினார். பேசியது என் கணவரிடம், வராந்தாவில். ரப்பர் மூடி போட்ட சின்னக் குப்பிக்குள் வெள்ளைப் பொடி. காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்துக் காலையும் மாலையும் இடுப்பில் போட்டார்கள். விலை கேட்டால் மயக்கம் வரும். என் நகைகள் அதில் போயின. அவர் முகம் சுளிக்காமல் விற்றுவிட்டு வந்தார். அதை நான் மறுக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஜைனப். ராயப்பேட்டைக்காரி, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். அவள் கணவர் காதர் பாய் தையல்காரர். சாயங்காலம் வந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் ஒப்பிப்பார். ஒருநாள் அவர்கள் பேசியது இது.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"இந்தப் பக்கம் விலா எலும்பு நாலஞ்சு வெட்டி எடுக்கணுமாம். எடுத்தா நெஞ்சு அமுங்கி, உள்ள கீற ஓட்டை மூடிக்குமாம். பொழைக்கவும் பொழைக்கலாம், ஆபரேஷன்லயே போனாலும் போவலாமாம்."

"நீ இன்னா சொன்னே?"

"உன்னியக் கேட்டுக்கினு வந்து சொல்றேன்னேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு அவர் கொண்டுவந்திருந்த தம்ரூட் இனிப்பை ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். நான் போர்வைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்டப்போவது அவள் எலும்பை. எனக்கு அப்படி ஒன்றுமில்லை. ஆனாலும் 'உன்னியக் கேட்டுக்கினு வந்து' என்ற அந்த வார்த்தைக்காக அவள் மேல் எனக்கு எரிந்தது.

அவளுக்கு என்னைப் புரியவில்லை. "உனக்கு இன்னா ஊசிம்மா போடறாங்க?" என்று கேட்டாள்.

"புது ஊசி."

"புதுசுன்னு எனக்கும்தான் தெரியுது. உள்ள போய் அது இன்னா பண்ணும்?"

எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தேன்.

அந்த மருந்தை என் கணவர் தியாகராய நகரில் பனகல் பார்க் பக்கம் ஒரு கடையில் வாங்கினார். வீட்டைக் காலி செய்தபிறகு அவர் அடையாற்றில் ஒரு சிநேகிதர் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தார். அங்கிருந்து சைக்கிளில் தியாகராய நகர் போய், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வருவார். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"அங்க சுலோசனான்னு ஒரு அம்மா இருக்காங்க, அமலா. கடை அவங்க அண்ணனோடது. இவங்க மருந்துப் படிப்பு படிச்சுப் பரீட்சை தேறினவங்க. வர்றவங்களை ஒவ்வொருத்தரா மறைப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுத்தான் பேசறாங்க. யாருக்கு என்ன வியாதின்னு அடுத்து நிக்கறவனுக்குத் தெரியாது."

நல்லதுதான் என்றேன். அதற்குப் பிறகு தினமும் அந்த அம்மாளைப் பற்றி ஏதாவது வந்தது. அந்த அம்மா குப்பியை வெயில் படாமல் கொண்டுபோகச் சொன்னார்கள். அந்த அம்மா, நீ பால் குடிக்கிறாயா என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன சமயத்தில், அந்தப் பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. நானாக எடுத்தாலும் வேறு பேச்சுக்கு மாறினார். அன்றிலிருந்துதான் எனக்குச் சந்தேகம். தலைமுடியை எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வருகிறாரா, சட்டைக்குக் கஞ்சி போட்டிருக்கிறாரா என்று படுத்தபடியே பார்க்கத் தொடங்கினேன். மணி ஐந்தரைக்கு வரவேண்டியவர் ஆறுக்கு வந்தால், அந்த அரை மணியை எங்கே வைத்துவிட்டு வந்தார் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன்.

அந்த நாட்களில்தான் என் காதுக்குள் ஒரு சத்தம் ஆரம்பித்தது. கொசு ஒன்று நிற்காமல் பாடுவதுபோல. எழுந்து உட்கார்ந்தால் கட்டில் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருக்கும். பலவீனம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எதையும் சொல்லாதவர்களிடம் நான் மட்டும் ஏன் சொல்லவேண்டும் என்ற வீம்பும் இருந்தது.

இடையில் மருந்து வருவது நின்றுபோயிற்று. பம்பாயிலிருந்து வரவேண்டுமாம். சில நாள் ஊசி இல்லாமல் கிடந்தேன். மறுபடி சரக்கு வந்த அன்று சுலோசனாவே கொண்டுவந்தாள். கம்பி வலை வழியாகப் பார்த்தேன். வெளிர்நீலக் கைத்தறிப் புடவை, மூக்குக்கண்ணாடி, கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க், இன்னொரு கையில் குடை. அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் கன்னம் நிறைந்திருந்தது, கழுத்தெலும்பு தெரியவில்லை, பேசும்போது இருமவில்லை. என் கணவர் அவள் கையிலிருந்த குடையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். நான்கு வருடத்தில் என் குடையை ஒருநாள்கூட அவர் தொட்டதில்லை.

தணிந்த குரலில் பேசினார்கள். வேறு யாராயிருந்தாலும் கேட்டிருக்காது. இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரலைப் பிடித்தெடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவள் நான்.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள் அவள்.

"இல்லை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"இன்னும் எத்தனை நாள் மறைப்பீங்க, மாஸ்டர்? எனக்கு இது பொறுக்கலை."

"உடம்பு கொஞ்சம் தேறட்டும்னு பாக்கறேன்."

அவள் போனபிறகு அவர் வந்து உட்கார்ந்து சாத்துக்குடி உரித்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

"என்கிட்ட என்ன சொல்லணுமாம்?" என்றேன்.

உரித்த கை நின்றது. "உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்."

"ஒண்ணுமில்லை. நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே."

"நான் போனப்புறம் அவளைக் கட்டிக்கிறதாப் பேச்சா? இருக்கும்போதே சொல்லிடுங்க. நல்ல புடவையா ஒண்ணு எடுத்து வெக்கறேன், அவளுக்கு."

ஜைனப் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அவள் வந்தாள்.

முக்காலியை என் கட்டிலுக்கு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டு மனுஷர்கள்கூட அவ்வளவு கிட்டத்தில் உட்காருவதில்லை; வாயைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. "நேத்து நீங்க கேட்டதை மாஸ்டர் என்கிட்ட சொன்னார்" என்றாள்.

"அதுவும் உங்ககிட்ட வந்தாச்சா?"

"அதுக்காகத்தான் வந்தேன். எனக்கு வரக்கூடாததெல்லாம் என்கிட்ட வருது. உங்களுக்கு வரவேண்டியது உங்களுக்கு வரலை." குரலை இன்னும் தாழ்த்தினாள். "உங்களுக்குப் போடற மருந்து கிருமியைக் கொல்லும். ஆனா சிலருக்கு அது காதுக்குள்ள இருக்கற நரம்பையும் கெடுக்கும். தலை சுத்தும். காது கொஞ்சங்கொஞ்சமா மந்தமாகும். போனது திரும்பாது. எல்லாருக்கும் வராது, யாருக்கு வரும்னு முன்னாடியே சொல்லவும் முடியாது. டாக்டர் மாஸ்டர்கிட்ட சொன்னார். மாஸ்டர் சரின்னுட்டார்."

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவங்களைக் கேக்காம இனிமே தரமாட்டேன்னேன். கேட்டாச்சுன்னு பொய் சொல்லி வாங்கிட்டுப் போனார். அப்புறம் அவரே வந்து உண்மையைச் சொன்னார்."

"ஏன் என்கிட்ட சொல்லலையாம்?"

"நீங்க வேண்டாம்னுடுவீங்கன்னு பயம். செவிடாப் போனாலும் பரவாயில்லை, அவ இருக்கணும்னு சொல்லி அழுதார்."

இவர்களுக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் என் நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவர் அழுதிருக்கிறார். என் காதுக்காக, என் உயிருக்காக, இவள் கடையில் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதிருக்கிறார். என் முன்னால் ஒரு சொட்டு விட்டதில்லை. புடவைக்கும் கன்னத்துக்கும் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"காதுல சத்தம் ஏதாவது வருதா?" என்று அவள் கேட்டாள்.

"வருது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலை."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, "டாக்டர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? நீங்க சொல்லச் சொன்னாத்தான் நான் சொல்லுவேன்" என்றாள். இந்த வியாதி தொடங்கியதிலிருந்து என்னிடம் ஒருவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. அவளாக இருந்துவிட்டதே என்று அதற்கும் எரிச்சல் வந்தது. நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

காலையில் டாக்டர் வந்தபோது சொன்னேன். ஊசியைப் பற்றி எல்லாம் தெரிய வேண்டும் என்றும் கேட்டேன்.

"உன் வீட்டுக்காரர் சம்மதிச்சாச்சேம்மா" என்றார்.

"காது அவரோடது இல்லையே, சார்."

ஜைனப் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. டாக்டர் கெட்டவர் இல்லை. இப்படிக் கேட்கிறவர்களை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். நர்ஸை அனுப்பி என் எக்ஸ்ரே படத்தை வரவழைத்தார். இடது பக்கம் மேலே, சாம்பல் நிறத்தில் கோழிமுட்டை அளவு ஒரு வட்டம். அதுதான் ஓட்டை. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் குறைந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மருந்தை இப்போதே நிறுத்தினால் காது இந்த அளவோடு நிற்கலாம், ஓட்டை பெரிதாகலாம். தொடர்ந்தால் ஓட்டை மூடலாம், காது இன்னும் போகலாம். அளவைக் குறைத்துப் போட்டுப் பார்ப்பது நடுவழி. "யோசிச்சு சொல்லு" என்றார்.

சாயங்காலம் என் கணவர் வந்தார். தலை சீவவில்லை. முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான் ஊசி வேண்டாம்னு சொன்னா என்ன செய்வீங்க?"

"கேட்டுக்குவேன்."

"அழுவீங்களா?"

"அழுவேன்."

"இங்கயா, அந்தக் கடையிலயா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதார். வார்டே பார்த்தது. ஜைனப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். நான் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. எனக்குச் சேரவேண்டியது தாமதமாகவாவது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஊசி வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் குறைந்த அளவில். தினமும் காலையில் காதைச் சோதிக்க வேண்டும். நான் நிறுத்தச் சொன்னால் அன்றே நிறுத்த வேண்டும். டாக்டர் ஒப்புக்கொண்டார். நர்ஸ் தினமும் கைக்கடிகாரத்தை என் காதருகே பிடிப்பாள். டிக்டிக் சத்தம் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று சொல்வேன். தூரம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் இடது காதில் கடிகாரம் மடல் மேல் இடித்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் கோழையில் கிருமி இல்லை என்று வந்திருந்தது. "போதும், நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார்கள். இடது காது போயிற்று. வலது காது கொஞ்சம் மங்கலோடு நின்றுகொண்டது.

ஜைனப் எலும்பை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள். "எனக்கு என் வூட்ல படுக்கணும்மா" என்றாள். அந்த வருட மழைக்காலத்தில் இறந்துபோனாள். காதர் பாய் வந்து சொன்னபோது, "கடைசி வரிக்கும் எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு" என்றார். நான் அழுதேன். அவள் மேல் இருந்த பழைய எரிச்சல் அந்த அழுகையிலும் கொஞ்சம் இருந்தது.

எக்ஸ்சேஞ்சில் என்னை மறுபடி இணைப்புப் போர்டில் உட்கார வைக்கவில்லை. எழுத்து வேலை கொடுத்தார்கள். காதில் கருவி மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பேன். பல மாதம் அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் போனேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் கழித்து, மீன் எண்ணெய் வாங்க நானும் அவருமாகத் தியாகராய நகர் கடைக்குப் போனோம். சுலோசனா என்னைப் பார்த்ததும் தட்டிக்கு அந்தப் பக்கம் வரச் சொன்னாள். அவரும் பழக்கத்தில் கூடவே வந்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க, மாஸ்டர்" என்றாள்.

"நானா?"

"மருந்து இவங்களுக்குத்தானே. இவங்ககிட்டதான் பேசணும். நீங்களும் இருக்கணும்னு இவங்க சொன்னா இருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வெளியே போய், நடைபாதையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் பேசினோம். நெடுநேரம் பேசினோம். முதலில் என் உடம்பைப் பற்றி, பிறகு வேறு விஷயங்களைப் பற்றி. அவள் இரண்டு தடவை சிரித்தாள், நான் ஒரு தடவை. தட்டி மேலாக எட்டிப் பார்த்தேன். அவர் சைக்கிள் மணியைத் துடைப்பதுபோல் கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் இடது பக்கமாக நடந்து வந்தார். உதடு அசைவது தெரிந்தது. நான் நேரே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவருக்கு நினைவு வந்து, சைக்கிளோடு சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார்.

"அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?"

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

இன்றுவரை சொல்லவில்லை.